அளப்பவரும் அளக்கப்படுபவரும்: உளச்சோதனையும் நோய்நிர்ணயமும் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவரது உள்ளத்தின் நிலையை வினாக்களால் அளந்து, அவ்வளவை ஓர் எண்ணாகக் குறித்து, அவ்வெண்ணின் துணைகொண்டு அவரை நோயாளி எனவோ நலமுடையவர் எனவோ தீர்மானிப்பது இன்றைய உளமருத்துவத்தில் வழக்கமாகிவிட்ட ஒரு செயலாகும். இச்சோதனைகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, அவை எந்த அளவுக்கு நம்பத்தக்கன என்பன உளவியலாளர் ஆராயும் வினாக்கள். ஆயின் அவற்றின் அடியில் வேறொரு வினாவும் உண்டு. ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பை ஓர் எண்ணிடம் ஒப்படைக்கும் உரிமை நமக்கு உண்டா? அவ்வெண் தவறாயின் அத்தவறுக்குப் பொறுப்பாளி யார்? இவை அறவியல் சார்ந்த வினாக்கள். இவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வினாக்கள் எனக்கு நூலகத்தில் எழுந்தவை அல்ல. எனது ஊர் பூண்டுலோயா. அங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் என் தாயின் தாய். மலையகத்து வழக்கப்படி நாங்கள் அவரை அம்மாயி என்று அழைப்போம். 1948ஆம் ஆண்டில் பிறந்தவர். பாடசாலை வாசலை மிதித்தறியாதவர். கையொப்பம் இடவேண்டிய இடங்களில் பெருவிரல் அடையாளம் பதிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் மறதி தலைகாட்டியது. அடுப்பில் வைத்ததை மறந்தார். ஒரு கதையை ஒரே மாலையில் இருமுறை சொன்னார். அம்மா அவரை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றபோது துணைக்கு நானும் சென்றேன்.

அங்கு அவருக்கு வைக்கப்பட்டது, மார்ஷல் போல்ஸ்டைன், சூசன் போல்ஸ்டைன், போல் மக்கியூ ஆகிய மூவர் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட குறு உளநிலைச் சோதனை. உலகெங்கும் முதுமை மறதிநோயைக் கண்டறிய மிகுதியாகப் பயன்பட்டு வந்த சோதனை இதுவே. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மொத்தப் புள்ளிகள் 30. காலம் பற்றிய வினாக்களுக்கு 5, இடம் பற்றியவற்றுக்கு 5, மூன்று சொற்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வதற்கு 3, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போவதற்கு 5, முன்னர்ச் சொன்ன மூன்று சொற்களையும் சிறிது நேரத்தின் பின் நினைவுகூர்வதற்கு 3, இரு பொருள்களின் பெயரைச் சொல்வதற்கு 2, ஒரு தொடரைத் திருப்பிச் சொல்வதற்கு 1, மூன்று படிகள் கொண்ட ஒரு கட்டளையை நிறைவேற்றுவதற்கு 3, எழுதப்பட்ட கட்டளையை வாசித்து அதன்படி செய்வதற்கு 1, ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு 1 என அவை பகுக்கப்பட்டுள்ளன. 24 புள்ளிக்குக் குறைந்தால் நோய் உண்டென ஐயுறுவது வழக்கம்.

வைத்தியர் இளையவர், பண்பானவர். தமிழ் அறியாதவர் ஆகையால் ஊழியர் ஒருவர் இடைநின்று மொழிபெயர்த்தார். என்ன மாதம் என்ற வினாவுக்கு அம்மாயி "மாசி" என்றார். தாளில் அது பிழையாயிற்று. என்ன பருவம் என்ற வினாவுக்குப் "பனி கருக்குற காலம்" என்றார். இரவுப் பனியில் தேயிலைக் கொழுந்து கருகும் நாள்கள் அவை என்பது மலையில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். ஊழியர் சிரித்தார், அவ்விடை மொழிபெயர்க்கப்படவேயில்லை. மாகாணத்தின் பெயர் தெரியவில்லை. கட்டிடத்தின் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. இது எந்த நாடு என்று கேட்டபோது மட்டும் தயங்காமல் "இலங்கை" என்றார். அவர் பிறந்த அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டமே மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றோர் ஆக்கியது. அம்மாயியின் அந்த விடைக்கு ஒரு புள்ளி கிடைத்தது.

வெளியே வந்ததும் அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எத்தன போட்டாங்க? முழுப் பேரா, அரப் பேரா?" என்று கேட்டார். தோட்டத்து வாழ்வை அறியாதார்க்கு இதனை விளக்குதல் வேண்டும். பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய கூலிக் கணக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து கொண்டுவந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். சோதனை என்றதும் அவர் நினைவுக்கு வந்தது பள்ளிக்கூடமன்று. கொழுந்து நிறுக்கும் மடுவமும் அங்குத் தொங்கும் தராசுமே. அவர் பெற்ற புள்ளிகள் 13.

அந்த எண் எங்கள் லயத்துக்கு எங்களோடு வந்து சேர்ந்தது. அதன் பின் அம்மாயி அடுப்பருகே விடப்படவில்லை. அவருடைய பணம் அவர் கைக்குக் கொடுக்கப்படவில்லை. பல் நோகிறது என்று அவர் இரண்டு நாள்களாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எங்களுள் எவரும் பொருட்படுத்தவில்லை. கன்னம் வீங்கிய பிறகே அது மெய்யான நோவு என்பதை ஏற்றுக்கொண்டோம். நோவை உணர்வதற்கு மாகாணத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற எளிய உண்மை எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. அவர்களுள் நானும் ஒருவன். ஒருவர் யார் என்பதைக் காரணமாகக் கொண்டு அவர் சொல்லுக்கு உரிய நம்பிக்கையைக் குறைத்து வழங்குவது அறிவு சார்ந்ததோர் அநீதி என மெய்யியலாளர் மிராண்டா பிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். நோய்நிர்ணயம் அவ்வநீதிக்கு எளிதில் கருவியாகிவிடும். உடல்நோயின் பெயர் ஒருவரது உடலைப் பற்றியது. உளநோயின் பெயரோ அவர் இனிச் சொல்லப்போகும் சொற்கள் அனைத்தின்மீதும் நிழலாக விழுகிறது. உளச்சோதனையில் நிகழும் தவறு ஏனைய மருத்துவத் தவறுகளினின்றும் வேறுபடுவது இவ்விடத்திலேயே. தவறாக அளக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்த தவற்றை எடுத்துரைத்தாலும், அவ்வுரையே அவரது நோய்க்குச் சான்றாகக் கொள்ளப்படலாம்.

அம்மாயி இழந்த 17 புள்ளிகளைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். காலத்தில் 4, இடத்தில் 2, கழித்தலில் 5, வாசித்தல், எழுதுதல், வரைதல் ஆகியவற்றில் 3, நினைவுகூர்தலில் 3. இவற்றுள் முதற்கண் சொன்ன 14 புள்ளிகளும் பள்ளிக்கூடத்தோடும் நாட்காட்டியோடும் அலுவலகத்தோடும் பழகியவர்க்கு இயல்பாகக் கிட்டுவன. பருவம் நான்கு என்பது குளிர்நாட்டார் கொள்கை. பழந்தமிழர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். பூண்டுலோயாவின் தொழிலாளி மழையையும் பனியையும் கொழுந்து மிகுவதையும் கொண்டு அதனைப் பகுக்கிறார். பென்சில் பிடித்தறியாத கை ஐங்கோணம் வரையத் தவறுவது மூளையின் நோய்க்குச் சான்றாகாது.

இது பேத்தியோ பேரனோ பாசத்தால் சொல்லும் சமாதானமன்று. 1993இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில், 18,056 பேர் இதே சோதனையில் பெற்ற புள்ளிகள் வயதுக்கும் கல்விக்கும் ஏற்பப் பகுத்துக் காட்டப்பட்டன. ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ கற்றவர்களின் இடைநிலைப் புள்ளி 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கற்றவர்களுக்கு அது 26. நான்கு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ கற்றவர்களுக்கு 22. அதாவது, கல்வி வாய்ப்பு இல்லாதவர்களுள் குறைந்தது பாதிப் பேர் நோயின் எல்லைக்கோட்டுக்குக் கீழேயே நின்றனர். அச்சோதனையை ஆக்கியோரே அது முழுமையான மருத்துவ ஆய்வுக்கு ஈடாகாது எனத் தம் முதற் கட்டுரையில் உரைத்திருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

கருவியை ஆக்கியவர் விதித்த எல்லையைக் கருவியைக் கையாள்வோர் மறப்பது உளச்சோதனையின் வரலாற்றில் புதியதன்று. அல்பிரெட் பினே, தியடோர் சிமோன் ஆகிய இருவரும் 1905இல் வெளியிட்ட நுண்மதிச் சோதனை, சிறப்புக் கற்பித்தல் தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதற்கென்றே பாரிசில் ஆக்கப்பட்டது. நீளத்தை அளப்பதுபோல நுண்மதியை அளத்தல் இயலாது என்பதைப் பினே தெளிவுபடுத்தியிருந்தார். ஆயின் அச்சோதனை அத்திலாந்திக் கடலைக் கடந்தபோது, உதவி தேவைப்படுவோரைக் காணும் கருவி என்ற நிலை மாறி, வேண்டாதோரை விலக்கும் கருவியாயிற்று. வேர்ஜினியா மாநிலத்தில் கரி பக் என்னும் இளம்பெண்ணின் மனவயது ஒன்பது என அச்சோதனையின் வழி கணிக்கப்பட்டது. அவர் மதிகுறைந்தோர் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார். 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அவருக்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. பின்னாளில் அவரைச் சந்தித்தோர் அவரிடம் மதிக்குறை எதனையும் காணவில்லை. ஓர் எண் தவறியதால் ஒரு பெண் மீண்டும் தாயாகும் உரிமையை இழந்தார். அவ்வெண்ணைக் குறித்தவரோ, அதனை நம்பித் தீர்ப்பளித்தவரோ எத்தண்டனையும் பெற்றாரல்லர்.

இவ்வளவும் கூறிய பின், உளச்சோதனைகளை முற்றாக ஒதுக்கிவிடுவதே அறம் என்ற முடிவுக்கு வருதல் எளிது. எங்கள் வீட்டிலும் சில காலம் அந்த முடிவே நிலவியது. ஆயினும் அம்முடிவு ஆராயாது கொள்ளத்தக்கதன்று.

சோதனையை அகற்றினால் அவ்விடத்தில் வந்து அமர்வது எது? வைத்தியரின் கண்ணும் மனப்பதிவுமே. அக்கண் எத்தகையது? அமெரிக்க உளவியலாளர் போல் மீல் 1954இல் வெளியிட்ட நூலில், வல்லுநர் தம் அனுபவத்தைக் கொண்டு செய்யும் முன்கணிப்பையும், குறித்த விதிகளின்படி கணக்கிட்டுப் பெறும் முன்கணிப்பையும் ஒப்பிட்ட ஏறத்தாழ இருபது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். கணக்கு முறை ஏறக்குறைய எல்லாவற்றிலும் வல்லுநருக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது. மனிதரின் கண் களைப்புறும். விருப்பு வெறுப்புக்கு ஆட்படும். காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் காணும். கருவி அவ்வாறு மாறுவதில்லை.

மலையக மக்களாகிய எங்களுக்கு இவ்வாதம் ஏனையோரைக் காட்டிலும் நன்கு விளங்க வேண்டும். ஏனெனில் நெடுங்காலம் நாங்கள் பிறருடைய கண்ணால் அளக்கப்பட்டவர்கள். தோட்டத் தொழிலாளி மந்தமானவர், சொன்னதைச் செய்பவர், சிந்திக்க அறியாதவர் என்ற கருத்தினை எச்சோதனையும் உண்டாக்கவில்லை. துரையின் கண்ணும் கங்காணியின் கண்ணும் உண்டாக்கின. அக்கண்ணுக்கு எதிராக முறையிட ஓரிடமும் இருக்கவில்லை. ஓர் எண்ணையோ, அது தவறு என்று காட்டி வாதிடலாம். எந்த வினாவுக்கு எத்தனை புள்ளி இழக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்கலாம். மேலே நான் அவ்வாறு செய்தேன். மனப்பதிவை அவ்வாறு பிரித்துப் பார்த்தல் இயலாது.

மடுவத்துத் தராசு இங்கு நல்லதோர் ஒப்புமையாகும். கூடைக்கும் ஈரத்துக்கும் எனப் பறித்த கொழுந்தில் சில கிலோக்கள் கழிக்கப்படுவது பற்றித் தொழிலாளர் காலங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். ஆனால் தராசே வேண்டாம் என்று அவர்கள் கோரியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தராசு இல்லாவிடில் கூலி கணக்கப்பிள்ளையின் கருணையில் தங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டியது நேரான தராசும், கழிவு எதற்காக எவ்வளவு என்பதற்கு விளக்கமுமே. உளச்சோதனையிடத்தும் நாம் வேண்டத்தக்கது இதுவே. அம்மாயியின் 14 புள்ளிகள் கல்வியின்மைக்காகக் கழிக்கப்பட்ட கழிவு. அக்கழிவு நோய் என்ற பெயரில் எழுதப்பட்டமையே பிழை.

அப்பிழையின் பரிமாணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆயிரம் முதியோர் உள்ள ஒரு பகுதியில் 50 பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கொள்வோம். சோதனை அவர்களுள் 45 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது எனவும், நலமுடைய 950 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 95 பேரை, நோயாளி எனப் பிழையாகக் காட்டுகிறது எனவும் கொள்வோம். இப்பொழுது நோயாளி எனச் சுட்டப்படுவோர் 140 பேர். அவர்களுள் மெய்யான நோயாளிகள் 45 பேர். மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. நல்ல சோதனையின் நிலையே இதுவாயின், கல்வியறிவற்ற சமூகமொன்றில் நலமுடையோரில் பத்தில் நால்வரைப் பிழையாகச் சுட்டும் சோதனையின் நிலை யாது? 380 பேர் பிழையாகச் சுட்டப்படுவர். மொத்தமாகச் சுட்டப்படும் 425 பேரில் நோயாளிகள் அதே 45 பேர்தாம். ஒன்பதில் ஒருவர்கூட இல்லை. நோய் அருகி இருக்கும் இடத்தில் சோதனையின் முடிவை எவ்வளவு எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும் என்பதை மீல், ரோசன் ஆகிய இருவரும் 1955இலேயே எடுத்துக்காட்டினர். ஆகவே எண்ணை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது கணித நோக்கிலும் பிழையாகும்.

இவ்விடர் முதுமை மறதிக்கு மட்டும் உரியதன்று. மனச்சோர்வைக் கண்டறியும் வினாக்கொத்துகளும் இதே தடையை எதிர்நோக்குகின்றன. கவலையாக உள்ளதா, வாழ்வில் பற்றின்மை தோன்றுகிறதா என வினாக்கொத்து கேட்கிறது. எம்மவரோ தம் துயரை நெஞ்சுப் பாரம், உடம்பு அசதி, தலையிடி என்று உரைக்கின்றனர். போரின் உளத்தாக்கங்களை நீண்ட காலம் ஆராய்ந்த யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தமிழரிடையே பெருமூச்சு துயரின் மொழியாக வழங்குவதை எடுத்துக்காட்டியுள்ளார். பேராதனையில் ஒருகாலத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1985இல் வெளியான கட்டுரையொன்றில் எதிர்த்திசையிலிருந்து ஒரு வினாவை எழுப்பினார். தென்னாசிய உளமருத்துவர் ஒருவர் விந்து இழப்பு என்னும் நம்மவர் நோய்க்கருத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, மெலிவும் அசதியும் உள்ளோரையெல்லாம் அந்நோயாளர் எனக் கணக்கெடுத்தால் அதனை அந்நாட்டார் அறிவியலென ஏற்பரோ? ஏற்கமாட்டார் எனின், அதே செயல் மறுதிசையில் நிகழும்போது மட்டும் அறிவியலாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகவே போலும், இந்நாட்டு மக்களின் கதைகளிலிருந்தே வினாக்களைத் திரட்டிய உளசமூக அளவுகோல் ஒன்றினைக் காயத்ரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்டார். இந்நாட்டுப் பண்பாட்டுக்கு இயையப் பேராதனையில் ஆக்கப்பட்ட மனச்சோர்வு அளவுகோல் 2012இல் வெளியாயிற்று.

தராசை நேராக்க முடியும் என்பதற்கு மறதிநோய்த் துறையிலும் சான்றுகள் உள. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராம மக்களுக்கென ஆக்கப்பட்டு 1995இல் வெளியான இந்தி மொழிச் சோதனையில், கட்டளையை வாசித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, சோதிப்பவர் தம் கண்ணை மூடிக்காட்ட அதுபோலச் செய்யுமாறு கேட்கப்பட்டது. வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வாயால் சொல்லுமாறு கேட்கப்பட்டது. அளக்கப்படும் ஆற்றல் மாறவில்லை. எழுத்து என்னும் தடை மட்டுமே நீக்கப்பட்டது. பத்தின்கீழ் அறுபத்தாறு எனப் பெயர் பெற்ற பன்னாட்டு ஆய்வுக்குழு, சென்னை, வேலூர் உட்படப் பல இடங்களில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முறையில் மற்றொரு சிறப்பு உண்டு. முதியவரிடம் வினவுவதோடு அது நில்லாது, அவரோடு வாழும் ஒருவரிடமும் விரிவாக வினவுகிறது. மறதிநோயுற்றோரில் 66 சதவீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வில் பத்திலொரு பங்கிலும் குறைவே அந்நாடுகள்மீது செலுத்தப்பட்டது என்ற குறையையே அக்குழுவின் பெயர் சுட்டுகிறது.

இதனை நோக்கும்போது திருக்குறளின் மருந்து அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கற்ற மருத்துவன் கருத வேண்டியவற்றைக் கூறுமிடத்து, நோயின் அளவுக்கு முன்னதாக நோயுற்றவரின் அளவை வள்ளுவர் வைக்கிறார், காலத்தையும் சேர்க்கிறார். மருத்துவம் என்பது எவரெவரால் ஆவது என்று எண்ணுமிடத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் நான்காவது கூறாக்குகிறார். உற்றவரின் அளவை அறியாது நோயின் அளவை அறிய முற்பட்டதே அம்மாயியின் முதற் சோதனையில் நிகழ்ந்த குறை. உடனிருந்த அம்மாவிடம் அன்று எவரும் எதுவும் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின் தமிழ் பேசும் வைத்தியர் ஒருவரிடம் அம்மாயியை அழைத்துச் சென்றோம். அவர் முதலில் எந்த மலையில் கொழுந்து எடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மாயி மலைகளின் இலக்கங்களையும், எந்த மலை சரிவு, எதில் அட்டை மிகுதி என்பதையும் சொன்னார். ஆயிரம் ரூபாய்த் தாளோடு கடைக்குச் சென்று சீனியும் மாவும் வாங்கினால் மீதி எவ்வளவு என்ற வினாவுக்குச் சற்றுத் தாமதித்துச் சரியான விடை தந்தார். நான் உள்ளூர மகிழ்ந்தேன். சோதனை தோற்றது, நாங்கள் வென்றோம் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து வைத்தியர், கூடை, குடை, விளக்கு என மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கூறினார். மூன்றும் அம்மாயி வாழ்நாள் முழுதும் கையாண்ட பொருள்கள். சிறிது நேரம் வேறு பேசிய பின் அச்சொற்கள் எவை என்று கேட்டார். அம்மாயி அவரை வியப்போடு நோக்கி, "எப்ப சொன்னீங்க?" என்றார். சொற்கள் மட்டுமல்ல, சொற்கள் சொல்லப்பட்டன என்பதே அவர் நினைவில் இல்லை. அதன் பிறகே, கோயிலிலிருந்து லயத்துக்கு வரும் வழியை, பல்லாயிரம் முறை நடந்த வழியை, இருமுறை அவர் தவறவிட்டதை அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். முதல் தாளிலும் அந்த மூன்று புள்ளிகள் இழக்கப்பட்டிருந்தன. அநீதியான பதினான்கைக் கண்ட சினத்தில் அந்த மூன்றையும் நாங்கள் கழிவோடு சேர்த்து எறிந்திருந்தோம்.

வேறு காரணம் உண்டா என அறிய இரத்தப் பரிசோதனைகளும் செய்த பின், மறதிநோயின் தொடக்கநிலை என வைத்தியர் முடிவு கூறினார். அடுப்பருகே ஒருவர் துணை இருக்கட்டும். ஆனால் அடுப்பை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம் என்றார். சிறு தொகைப் பணம் அவர் கையிலேயே இருக்கட்டும் என்றார். ஆகவே முதற் சோதனை முற்றிலும் பொய்யுமன்று, முற்றிலும் மெய்யுமன்று. அது கூறிய மெய்யை நாங்கள் கேளாதிருந்ததற்கு அது கூறிய பொய்களே காரணமாயின. நேரற்ற தராசு நலமுடையவரை மட்டும் வஞ்சிப்பதில்லை. தன்மீது உள்ள நம்பிக்கையை அழித்து, நோயுற்றவருக்கு உரிய நேரத்தில் கிட்டவேண்டிய துணையையும் தடுக்கிறது. எளியோரின் பொருட்டுச் சோதனையைச் சினந்து ஒதுக்குவோரும், எளியோரைச் சோதனையின் எண்ணால் ஒதுக்குவோரும் இவ்வகையில் ஒரே இடத்துக்கே வந்து சேர்கின்றனர். இருவரும் அந்த எளியவரை முழுமையாகக் காண மறுக்கின்றனர்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறத்தக்க முடிவுகள் மூன்று. முதலாவது, உளச்சோதனை ஒரு வினாவேயன்றித் தீர்ப்பன்று. அது மேலும் எங்கே நோக்க வேண்டும் என்று சுட்டலாம்; நோக்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது. இரண்டாவது, எந்த மக்களிடம் ஒரு சோதனை பயன்படுகிறதோ அந்த மக்களிடம் அது சோதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. பருவத்தையும் எண்ணையும் இடத்தையும் அம்மக்கள் எவ்வாறு அறிகின்றனர் என்பதை அறிந்தவரே வினாக்களை ஆக்க வேண்டும். இப்பணியில் உளவியல் கற்போருக்கு மட்டுமன்றி, மொழியும் சமூகவியலும் கற்கும் கலைப்பீட மாணவர்க்கும் பங்கு உண்டு. மலையகத்தில் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கு அப்பங்கு கடமையே ஆகும். மூன்றாவது, புள்ளியை இடுபவர் அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும். எண்ணுக்கு மனச்சாட்சி இல்லை. ஆகவே பொறுப்பை எண்ணின்மேல் ஏற்றுதல் இயலாது. தாளில் கையொப்பமிடும் மனிதரே அதனை ஏற்க வேண்டும். அத்தாளை வீட்டுக்குக் கொண்டு செல்லும் நாமும் அதில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும். அம்மாயியின் பல்வலியை நம்ப மறுத்தவர் எந்த வைத்தியருமல்லர், நாங்களே.

விடுமுறையில் வீடு செல்லும்போது அம்மாயி சிலவேளை என் பெயரை மறந்து என் மாமாவின் பெயரால் அழைக்கிறார். அடுப்பருகே அம்மா இருக்க அவரே தேநீர் ஊற்றித் தருகிறார். அன்றைய சோதனையில் முழுப் பேரா, அரைப் பேரா என்று அவர் கேட்டதற்கு நான் அன்று விடை சொல்லவில்லை. அவ்வினாவை அவர் மறந்துவிட்டார். மறக்காமல் இருக்க வேண்டியவர்கள் அளப்பவர்களும் அளக்கக் கற்போருமாகிய நாமே.